மேல்மடையும் கடைமடையும்

கண்ணபிரானின் துவாரகையைக் கடல் கொண்டது என்று புராணம் கூறும். தலைநகர் தில்லியின் தென்மேற்கில் அதே பெயரைத் தாங்கி எழுந்த துவாரகா துணைநகரின் கவலையோ இதற்கு நேர்மாறானது. அங்கே அடுக்குமாடி வீடுகள் முந்திக்கொண்டன. குடிநீர் பிந்தி வந்தது. நாளொன்றுக்கு 5 கோடி கேலன் நீரைச் சுத்திகரிக்கவல்ல நிலையம், கட்டி முடிக்கப்பட்ட பின்னரும் நீர் வராமல் காத்துக் கிடந்தது. 2015-ஆம் ஆண்டில்தான் அது இயங்கத் தொடங்கியது.

இத்தாமதத்தின் காரணம் சிந்திக்கத்தக்கது. ஹரியானாவின் கர்னால் மாவட்டத்திலுள்ள மூனக்கிலிருந்து தில்லிக்கு வந்த யமுனை நீரில் ஒரு பகுதி வழியிலேயே மண்ணில் கசிந்து மறைந்தது. இதைத் தடுக்க, 102 கி.மீ. நீளத்திற்குத் தளமிட்ட புதிய கால்வாய் அமைக்க 1996-இல் இரு அரசுகளும் உடன்பட்டன. செலவைத் தில்லி ஏற்றது. கால்வாய் முடிந்ததும் வழக்குப் பிறந்தது. கசியாமல் மிஞ்சிய, நாளொன்றுக்குச் சுமார் 8 கோடி கேலன் நீர் யாருக்கு உரியது? பொருள் செலவிட்டவருக்கே என்றது தில்லி. தில்லிக்குரிய பங்கு ஏற்கெனவே போய்ச் சேர்கிறது என்றது ஹரியானா. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

சட்டத்திற்கு அப்பால் இங்கே ஓர் அறவினா உண்டு. கசிவு முழுவதும் வீண்தானா? மண்ணுள் இறங்கிய நீர் எங்கோ ஓர் உழவரின் கிணற்றில் ஊறும். ஒருவர் இழப்பு என்று எண்ணுவது மற்றொருவருக்கு வாழ்வாதாரம். அதற்காக, நீரின்றித் தவிக்கும் குடும்பத்தின் தேவை பொய்யாகிவிடாது. நியாயமும் அநியாயமும் மோதினால் தீர்ப்பு எளிது. இரு நியாயங்கள் மோதும்போதுதான் மனிதனின் பண்பு சோதிக்கப்படுகிறது.

அச்சோதனையில் தோற்றால் என்ன நேரும் என்பதை 2016 பிப்ரவரி காட்டியது. ஹரியானாவில் இடஒதுக்கீடு கோரி நடந்த போராட்டத்தின்போது மூனக் கால்வாய் அடைக்கப்பட்டது. நீருக்கும் அக்கோரிக்கைக்கும் தொடர்பில்லை. எனினும் தில்லியின் பெரும்பாலான சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன, பள்ளிகள் மூடப்பட்டன, இராணுவம் வந்து கால்வாயை மீட்டது. தாகத்தை ஆயுதமாக்கும்போது அடிபடுவோர், வழக்கில் சம்பந்தமே இல்லாதவர்கள்.

ஆயினும் நாம் வாழும் இடத்தைக் கடைமடை என்று மட்டும் கருதி வருந்துவது முழு உண்மை ஆகாது. ஹரியானாவுக்குக் கடைமடையான தில்லி, மதுராவுக்கும் ஆக்ராவுக்கும் மேல்மடை. யமுனை தில்லிக்குள் ஓடுவது சிறிது தூரமே, அதற்குள் அது சாக்கடையாகி வெளியேறுகிறது. வீதிக் குழாயில் மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சும் வீட்டார் அடுத்த வீட்டுக்கு மேல்மடைக்காரர். மேலே இருப்பவரிடம் நீதி கேட்கும் நாவு, கீழே இருப்பவருக்கு நீதி வழங்க ஏன் தயங்குகிறது?

1994-இல் ஐந்து மாநிலங்கள் மேல் யமுனையின் 1,198.3 கோடி கன மீட்டர் நீரைப் பங்கிட்டுக்கொண்டன. தில்லிக்கு 72.4 கோடி. 2025-க்குப் பின்னர் எந்த மாநிலம் விரும்பினாலும் இதை மறுபரிசீலனை செய்யலாம் என்பதும் அவ்வுடன்பாட்டின் விதி. ஆக, பங்கு என்பது நிரந்தர உடைமை அன்று. பேசித் தீர்க்க வேண்டிய பொறுப்பு. காவிரி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றமும், மாநிலங்களுக்கிடையே ஓடும் நதி எந்த ஒரு மாநிலத்தின் தனிச்சொத்தும் அன்று என்று தெளிவுறுத்தியது.

துவாரகாவின் 12-ஆம் செக்டாரில், பழைய லோகாரெடி கிராமத்தின் படிக்கிணறு ஒன்று இன்றும் இருக்கிறது. லோடி மன்னர்கள் காலத்தது என்பர். படிக்கிணற்றில் நீர்மட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அது தாழ்ந்தால் ஊரார் அனைவருமே சில படிகள் கூடுதலாக இறங்க வேண்டும். குழாய் நமக்கு வசதியைத் தந்தது; அயலாரின் குடம் நிரம்பியதா என்பதை மறைத்துவிட்டது. அதனை மீண்டும் காணும் கண்ணே இன்று வேண்டுவது. குழாயைத் திறக்கும் கணத்தில், கீழ்மடையில் காத்திருப்பவர் ஒருவரை நினைத்துப் பார்ப்போமாக. பகிர்வு அங்கிருந்தே தொடங்குகிறது.