வெட்டியா, தொண்டா?

போன வருஷம் எங்கள் தெருப் பொண்ணு ஒருத்தி என்னை ஒரு கேள்வி கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

எங்க ராப்பள்ளிக்கூடத்தில் அ, ஆ படித்தவள். இப்போது கம்ப்யூட்டரில் எம்.எஸ்சி. முடிக்கப் போகிறாள். சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. தம்பி ஃபீசும் அம்மா மாத்திரையும் அந்தச் சம்பளத்தில்தான்.

நான் சொன்னேன்: "இன்டர்நெட்ட எப்படி நடத்துறதுன்னு உலக அளவுல பேசி முடிவு பண்றாங்கம்மா. யார் வேணும்னாலும் கலந்துக்கலாம். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போன்லயே கூட்டம். படிக்கக் காகிதம் நெறைய இருக்கும். நம்ம ஆளுங்க அங்க யாரும் இல்ல. நீ போ."

"சம்பளம் உண்டா பெரிப்பா?"

"இல்லம்மா. தன்னார்வம்."

"எங்க தாத்தா ஊருக்கு சாவு சொல்லப் போனாரு. அதுக்குக் களத்துல ஒரு மரக்கா நெல்லாவது அளந்தாங்க. இது அதவிட மட்டமால்ல இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. முதலில் கோபம்தான் வந்தது. சமூகத்துக்காக ஒன்றரை மணி நேரம் கொடுக்க மாட்டாளா என்று. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் யோசித்தேன். அவள் கேட்டதில் தப்பு எங்கே இருக்கிறது?

என் அப்பாவும் வெட்டி வேலை பார்த்தவர். ஊரில் சாவு விழுந்தால் பத்துப் பதினைந்து கல் நடந்து உறவுமுறைக்குச் சொல்லிவிட்டு வரணும். வந்து குழி வெட்டணும், பறையடிக்கணும். கணக்குப்பிள்ளை பின்னால் கட்டுச் சுமந்து போகணும். ஏரி மதகு திறக்கணும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் "எங்கடா அவன்" என்று தெரு முனையில் நின்று கத்துவார்கள். அப்பாவுக்குப் பதிலாக அண்ணன் ஓடுவான். கூலி கொடுக்காமல் வாங்கின உழைப்புக்கு இருந்த பேரையே, வேலைக்கு உதவாதவனைத் திட்டுகிற பேராகவும் ஆக்கி வைத்திருக்கிறோம். "வெட்டிப்பய" என்று நாமும்தானே சொல்கிறோம்.

ஆனால் கூலி இல்லாதது மட்டுமா வெட்டி? இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, "முடியாது" என்று சொல்ல முடியாது. இன்னொன்று, ஏரித் தண்ணியை யாருக்கு, எத்தனை நாள் விடுவது என்று ஊர் கூடிப் பேசும்போது அப்பாவுக்கு அங்கே வாய் கிடையாது. பேசி முடித்த பிறகு மதகைத் தூக்கக் கூப்பிடுவார்கள்.

நானும் அப்படித்தான். 1988ல் தொலைபேசித் துறையில் தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்து கேபிள் பள்ளம் வெட்டினேன். என்னோடு வெட்டினவர்கள் அநேகமாக எல்லாரும் சேரி ஆட்கள். அந்தக் கம்பியில் எது ஓடும், யாருக்கு, என்ன விலைக்கு என்று முடிவு செய்தவர்களை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

இணையத்தில் முடிவு எடுக்கிற இடங்கள் பல. கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைகளை வகுக்கிற ஐ.ஈ.டி.எஃப். என்ற அமைப்பு 1986லிருந்து இருக்கிறது. முகவரிப் பெயர்களையும் எண்களையும் ஒழுங்கு செய்கிற ஐகேன் 1998ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பதிவானது. விதி எழுதும் வேலையில் பெரும்பகுதி தன்னார்வலர்கள் கையில் நடக்கிறது. தமிழ் எழுத்தில் இணைய முகவரி வைக்க எந்த எழுத்தெல்லாம் சேரலாம், மலையாள எழுத்தோடு குழம்புவது எது என்று விதி வகுத்ததும் அப்படி ஒரு குழுதான். 2019ல் தமிழ் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். நல்ல வேலை. மறுக்கவில்லை.

ஐ.ஈ.டி.எஃப்.பில் உறுப்பினர் சீட்டு கிடையாது. வந்தவரெல்லாம் உறுப்பினர். ஓட்டும் கிடையாது. ராஜாவும் வேண்டாம், ஜனாதிபதியும் வேண்டாம், ஓட்டெடுப்பும் வேண்டாம் என்று டேவிட் கிளார்க் 1992ல் சொன்னதை அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கூடியிருக்கிறவர்களிடம் கருத்துக் கேட்கும்போது வாயை மூடி முனகச் சொல்வார்கள். எந்தப் பக்கம் முனகல் பலம் என்று தலைவர் காது கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

ராஜா வேண்டாம் என்பது நமக்கும் சந்தோஷம். ஓட்டு வேண்டாம் என்கிறபோதுதான் அடிவயிறு கலங்குகிறது. ஊர்க்கூட்டத்திலும் ஓட்டு இல்லை. "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க" என்பார்கள். ஆலமரத்துக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றவர்களின் முனகல் யார் காதில் விழுந்தது? அதனால்தானே அம்பேத்கர் 1919ல் சவுத்பரோ குழு முன்னால் நின்ற நாள் முதல் வாக்குரிமை வாக்குரிமை என்று போராடினார். ஓட்டில் ஆண்டைக்கும் ஒன்று, அப்பாவுக்கும் ஒன்று. முனகலில், வந்து சேர்ந்தவனுக்குத்தான் கணக்கு.

வந்து சேர்கிறவர் யார்? கம்பெனி வக்கீல் வருகிறார். அவருக்கு அந்த ஒன்றரை மணி நேரமும் ஆபீஸ் நேரம், கம்பெனி சம்பளம். அரசாங்க அதிகாரி வருகிறார். அவருக்கு டூட்டி. நம்ம பொண்ணு வந்தால் ஜெராக்ஸ் கடையில் அன்றைக்குக் கூலி பிடிப்பு. மூன்று பேரையும் சேர்த்து ஒரே பேர் சொல்கிறார்கள்: தன்னார்வலர். என் சண்டை இந்தப் பேரோடுதான். ஒருத்தர் சம்பளத்தோடு வருகிறார், ஒருத்தி சம்பளத்தை இழந்து வருகிறாள். இருவரும் சமமாகக் கொடுத்ததாக எழுதுவது பொய்க்கணக்கு. ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் வரவு உள்ள அமைப்பு ஐகேன். 2007லிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயணச் செலவு கொடுத்து மாநாட்டுக்கு அழைக்கிறார்கள். அது சரி. வாராவாரம் போகிற கூலிக்கு அதில் பதில் இல்லை.

அவர்களை மட்டும் சொல்லி நாம் தப்பிக்க முடியாது தோழர்களே. நம்ம இயக்கங்களில் போஸ்டர் ஒட்டினது யார், பாய் விரித்தது யார், மைக் பிடித்தது யார்? ராத்திரி முழுக்கப் பசை வாளி தூக்கின பையனுக்கு டீ வாங்கித் தந்தோமா? தொண்டு, தியாகம் என்று சொல்லி நாமும் வெட்டி வாங்கியிருக்கிறோம்.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமா? அதுவும் முடியாது. 2015ல் இணையச் சமத்துவம் பற்றி டிராய் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் போனது. ஏழைகளுக்குச் சில தளங்களை மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்று ஃபேஸ்புக் வந்தது. ஏழைக்கு மட்டும் அரைகுறை இணையமா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். 2016 பிப்ரவரி 8ல் டிராய் அந்த மாதிரிக் கட்டணத்துக்குத் தடை போட்டது. நல்ல முடிவு. ஆனால் இரண்டு பக்கமும் ஏழை பேரைச் சொல்லித்தான் பேசினார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு கடிதம்கூடப் போகவில்லை. நானும் எழுதவில்லை.

2018 மே 22ல் தூத்துக்குடியில் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைக் கொன்றார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். மகன் உயிரோடு இருக்கிறானா என்று தேடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் நிறுத்தினார்கள். எப்போது நிறுத்தலாம், யார் உத்தரவு போடலாம் என்று 2017ல் விதி எழுதியிருந்தார்கள். அதை எழுதும்போது நாம் எங்கே இருந்தோம்?

மகாத் குளத்தை நினைத்துக்கொண்டேன். பொதுக்குளம் எல்லாருக்கும் திறந்தது என்று 1923ல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. 1924ல் மகாத் நகராட்சியும் ஒத்துக்கொண்டது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. 1927 மார்ச் 20ல் அம்பேத்கரோடு ஆயிரக்கணக்கான பேர் போய்க் குடிக்கிற வரை நம்ம ஆள் ஒருத்தர் அந்தத் தண்ணியைத் தொட முடியவில்லை. குடித்த பிறகு அடியும் விழுந்தது. "யார் வேணும்னாலும் வரலாம்" என்கிற தீர்மானத்துக்கும் குளத்தங்கரைக்கும் நடுவில் நடை இருக்கிறது. அதை ஒருத்தி தலையில் மட்டும் கட்டக்கூடாது. இதுதான் அந்த ஒரு வாரத்தில் எனக்குப் புரிந்தது.

அவளிடம் போய்ச் சொன்னேன்: "நீ கேட்டது சரிம்மா. வரலைன்னு சொல்ற உரிமை உனக்கு உண்டு. அது இருந்தாத்தான் இது வெட்டி இல்ல. நீ போறதா இருந்தா, உன் கூலிய நாங்க தர்றோம்."

கணக்குப் போட்டோம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஜெராக்ஸ் கடையில் பிடிப்பது 75 ரூபாய். ஓய்வு பெற்ற மஸ்தூர்கள் நாங்கள் ஆறு பேர் மாதாமாதம் பங்கு போட்டு ராப்பள்ளிக்கூடக் கணக்கில் வைக்கிறோம். அவள் தனியாகப் போகவில்லை. இன்னும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து காகிதங்களைப் பங்கு பிரித்துப் படிக்கிறார்கள். சனிக்கிழமை பள்ளிக்கூடத் திண்ணையில் எங்களுக்குத் தமிழில் சொல்கிறார்கள். பாதி எனக்குப் புரிவதில்லை. மீதிப் பாதியில் நாங்கள் கேட்கிற கேள்வியை எழுதி எடுத்துப் போகிறார்கள்.

ஐந்து வாரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறாவது வாரம் வாய் திறந்தாள். "இந்தக் கூட்டத்துக்கு வருவதற்காக யார் யாருக்குக் கூலி போகிறது என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாளாம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்படி ஒரு கணக்கு இல்லை, குறித்துக்கொள்கிறேன் என்றாராம் தலைவர்.

படித்த பிள்ளைகளை இந்த வேலைக்குக் கூப்பிடுங்கள் தோழர்களே. கூப்பிடுவதற்கு முன்னால் அவர்களுக்கு அன்றைக்கு எவ்வளவு கூலி போகும் என்று கேளுங்கள். அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.