வேதனீயமும் வேதனையும்



முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துபோகும் நோயை மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்பர். பெரும்பாலும் வளரும் பருவத்தில், இன்ன காரணம் என்று சொல்ல இயலாதபடி அது தோன்றும். கடுமையான வளைவு பெண் பிள்ளைகளிடமே மிகுதி. அமெரிக்க நாட்டு ஹூஸ்டன் நகர மருத்துவர் பால் ஹாரிங்டன், எஃகுத் தண்டு பொருத்தி முதுகை நிமிர்த்தி, எலும்புகளை ஒன்றாக இணையச் செய்யும் முறையை 1962-ஆம் ஆண்டு மருத்துவ உலகிற்கு விரித்துரைத்தார். ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, 1972-இல் நமக்கும் அச்சிகிச்சை நடந்தது. பல திங்கள் மாவுக்கட்டுக்குள் கிடந்து எழுந்தோம். முதுகு நிமிர்ந்தது. பணியின் பொருட்டுச் சோமனூரில் குடியேறி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்று பாடம் நடத்தினோம்.

நாற்பது வயதைக் கடந்தபின் வலி வந்தது, இன்றளவும் நீங்கவில்லை. இணைந்துவிட்ட எலும்புகள் அசைவதில்லை. அவற்றின் பங்கையும் சேர்த்துக் கீழே எஞ்சிய மூட்டுகளே சுமக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை தேய்கின்றன. அக்காலத்துத் தண்டு இடுப்பின் இயல்பான குழிவையும் தட்டையாக்கியது. ஆதலின் நிமிர்ந்து நிற்பதற்கே தசைகள் ஓயாது உழைக்க வேண்டியதாயிற்று. இரவு முறையில் ஓடும் விசைத்தறிகளின் ஓசையைக் கேட்டபடி விழித்துக் கிடந்த இரவுகள் பல.

இந்நிலையில் இருவகைச் சொற்கள் நம் செவியில் விழுந்தன. "அறுவைதான் செய்தாயிற்றே, இன்னும் என்ன வலி?" என்பது ஒன்று. "பூர்வ ஜன்ம பாவம், அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்பது மற்றொன்று. முதலாவது அறியாமையால் வந்தது, பொறுத்தோம். இரண்டாவது நம் தர்மத்தின் பெயரால் சொல்லப்பட்டது. ஆகவே அதனை ஆராய வேண்டியதாயிற்று.

எண்வினைகளுள் வேதனீயம் ஒன்று. அது சாதா, அசாதா என இருவகைப்படும். உடல் வலி அசாதா வேதனீயத்தின் உதயமே, ஐயமில்லை. ஆனால் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகியவற்றைச் சார்ந்தே வினை பயன் தருகிறது என்றும் ஆகமம் கூறுகிறது. மருந்தும் மருத்துவர் கையும் அச்சார்புகளில் அடங்கும். நோய்க்கு மருந்து தேடுவது வினைக்கு மாறானதாயின், ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தை ஏன் வைத்தனர்? மேலும், எப்பிறவியில் எவர் செய்த எச்செயல் இன்று பயன் தருகிறது என்பதைக் கேவலி அறிவார். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து நாம் தீர்ப்புக் கூறுவது எவ்வகையிலும் ஞானமாகாது.

சமந்தபத்திர ஆச்சாரியரின் வரலாற்றை மரபு இவ்வாறு கூறும். உண்டதெல்லாம் எரிந்து சாம்பலாகும் பஸ்மக நோய் அவரைப் பற்றியது. ஒருவேளை உணவு கொள்ளும் முனிவர் அதனை எவ்வாறு தணிப்பார்? சல்லேகனை மேற்கொள்ளக் குருவிடம் அனுமதி வேண்டினார். குரு மறுத்துவிட்டார், உன்னால் அறத்திற்கு ஆகவேண்டிய பணி மிகுதி, விரதத்தைத் தற்காலிகமாக விடுத்து நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் தீட்சை பெறுக என்று பணித்தார். அவரும் அவ்வாறே செய்தார். நோய் நீங்கிய அவர் துதித்தபோது தோன்றியதாக மரபு போற்றுவது சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் திருவுருவம். நம் கொங்கு நாட்டு விஜயமங்கலத்தில் எழுந்தருளியிருப்பவரும் அப்பெருமானே. அவரை வணங்கும்போதெல்லாம் சிகிச்சைக்கு அனுப்பிய அந்தக் குருவையும் நாம் நினைப்பதுண்டு.

அவ்வாறாயின் வலியில் தவறு எங்கே நுழைகிறது? உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஆர்த்தத் தியானத்தை நான்காக வகுத்தார். நோயின் வேதனையையே இடையறாது எண்ணிக்கொண்டிருப்பது அவற்றுள் ஒன்று. வலி பழைய வினையின் பயன். அதனைப் பற்றிய ஓயாத புலம்பலோ புதிய வினைக்கு வாயில்.

இதை நாம் ஏட்டில் மட்டும் கற்றோமில்லை. ஒருமுறை உறவினரோடு பொன்னூர் மலைக்குச் சென்றோம். குந்தகுந்தர் திருவடிகளைத் தரிசிக்க அனைவரும் படியேறினர். நம்மால் இயலவில்லை, அடிவாரத்தில் அமர்ந்தோம். அவர்கள் இறங்கி வரும்வரை நம் முதுகையும், ஏற முடிந்தவர்களின் கால்களையும், என்றோ அறுவை செய்த மருத்துவரையும் எண்ணி எண்ணிப் புழுங்கினோம். ஆச்சாரியரை ஒருகணமும் நினைக்கவில்லை. திரும்பும் வழியில்தான் அது உறைத்தது. மலை ஏறாதது குற்றமன்று. அடிவாரத்தில் செய்ததே குற்றம்.

வட்டகேரரின் மூலாசாரம் காயோத்சர்க்கத்தை நால்வகையாகக் காட்டுகிறது. உடலும் நின்று, உள்ளமும் தர்மத்தில் எழுந்து நிற்பது ஒன்று. உடல் நின்றாலும் உள்ளம் ஆர்த்தத்தில் அமிழ்ந்திருப்பது மற்றொன்று. உடல் அமர்ந்திருக்க உள்ளம் எழுந்து நிற்பது மூன்றாவது. இரண்டும் அமர்ந்துவிடுவது நான்காவது. பொன்னூரில் நாம் இருந்தது நான்காவது நிலை. குனிந்து வணங்கவும் நெடுநேரம் நிற்கவும் இயலாத உடலுக்கு மூன்றாவது வாயில் திறந்தே இருக்கிறது.

அன்று முதல் மாலையில் நாற்காலியில் அமர்ந்து, 27 மூச்சுகளில் ஒன்பது முறை நமோகாரம் சொல்லி வருகிறோம். வலி வரும்போது, "இது உடலில் நிகழ்கிறது, அறிபவன் ஆன்மா" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த மூச்சுக்குச் செல்கிறோம். வலி தீர்ந்ததா என்றால், இல்லை. சில நாள் குறையும், சில நாள் கூடும். ஆனால் முன்பு வலியோடு சேர்ந்து வந்த பொறாமையும் சினமும் பெரும்பாலும் வருவதில்லை. அந்த அளவுக்குச் சுமை குறைந்தது.

இல்லத்தாருக்குச் சில சொற்கள். அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்று என்பதை மறவாதீர். வலி கண்ணுக்குத் தெரியாதது. சொன்னவர் சொல்லை நம்புவதே முதல் தொண்டு. ஜினாலயத்தில் முதியோருக்கும் நோயாளிக்கும் ஒரு நாற்காலி இடுங்கள். விழுந்து வணங்கவில்லையே என்று கேளாதீர்கள். வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி நெடுநாள் உண்பது வயிற்றுக்கும் சிறுநீரகத்திற்கும் தீங்கு. மருத்துவர் கூறும் பயிற்சியையும் அளவான நடையையும் கைவிடலாகாது. கால் மரத்தல், வலுவிழத்தல், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரை நாடுங்கள்; அங்கே பொறுமை காப்பது அறமாகாது. வளரும் பெண்ணின் ஒரு தோள் உயர்ந்திருந்தாலோ, குனியும்போது முதுகின் ஒருபுறம் மேடிட்டாலோ, திருமணத்திற்கு இடையூறாகும் என அஞ்சி மறைக்காது உடனே காட்டுங்கள்.

உடலைத் தாங்கும் தண்டு எஃகினால் ஆனது. அதுவும் ஒருநாள் தேயும். உள்ளத்தைத் தாங்கும் ரத்தினத்திரயம் தேய்வதில்லை. பவ்ய ஜீவர் அனைவரும் அதனைப் பற்றி நிற்போமாக. நிற்க இயலாதார் அமர்ந்தே பற்றுவோமாக.

அறம் வளர்க!