தூக்கம் யாருக்குச் சொந்தம்?

தூங்கினவன் கன்று கடாக்கன்று என்பது பழமொழி. இருவரில் ஒருவன் கண்ணயர்ந்த நேரத்தில், விழித்திருந்தவன் தன் கடாக்கன்றை அங்கே விட்டுவிட்டு அவனுடைய கிடாரிக்கன்றைத் தட்டிக்கொண்டு போனானாம். களவு செய்தவனை விட்டுவிட்டுத் தூங்கினவனையே நாம் இன்றுவரை ஏசிக்கொண்டிருக்கிறோம்! கடைவீதியிலே, கல்யாண வீட்டிலே, ஏன், பள்ளிவாசல் திண்ணையிலே கூட, "எனக்கு நாலு மணி நேரத் தூக்கம் போதும்" என்று சொல்கிறவரைச் சற்றுப் பெருமையோடுதான் பார்க்கிறோம். "என் தூக்கத்தை நான் குறைத்துக்கொண்டால் நஷ்டம் எனக்குத்தானே? மார்க்கத்திற்கு இதில் என்ன வந்தது?" என்று கேட்பவரும் உண்டு. இதற்கு விடை காண வேண்டுமானால், தூக்கத்தில் மூளைக்கு என்ன நேருகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் உறங்கும்போது மூளை சும்மா கிடப்பதில்லை. பகலில் கற்றதை நினைவில் ஊன்றவைக்கும் வேலையில் பெரும்பகுதி அப்போதுதான் நடக்கிறது. ஹிஃப்ளு உஸ்தாதுமார்களைக் கேட்டால் சொல்வார்கள்: இரவில் தட்டுத் தடுமாறிய பக்கம், தூங்கி எழுந்து ஸுப்ஹுக்குப் பின் ஓதும்போது சரளமாக வந்துவிடும்.

2013-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், எலிகள் உறங்கும்போது மூளையின் உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளி சுமார் 60 சதவீதம் விரிவதையும், அந்த வழியாகக் கழிவுகள் விரைந்து வெளியேறுவதையும் கண்டதாக எழுதினார்கள். 2024-ல் லண்டனிலிருந்து வந்த மற்றோர் எலி ஆராய்ச்சி இதற்கு நேர் மாறாகச் சொல்லிற்று. வழக்கு இன்னும் தீரவில்லை. மேடையில் பேசுவோர் முதல் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள், அது முறையன்று. பிரிட்டனில் அரசாங்க ஊழியர் ஏறக்குறைய 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வோ மனிதர்களைப் பற்றியது. ஐம்பது வயது முதல் எழுபது வரை தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் உறங்கியவர்களைக் காட்டிலும் முதுமையில் அறிவு மங்கும் நோய் சுமார் 30 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. தூக்கக் குறைவே காரணம் என்பதற்கு இது முடிந்த சாட்சி ஆகாது. அலட்சியம் செய்யத்தக்க சாட்சியும் அன்று.

ஆனால் நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொன்று. 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி அது. ஆரோக்கியமானவர்களில் ஒரு சாராரைப் பதினான்கு நாட்கள் இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். நாளுக்கு நாள் அவர்களுடைய கவனம் தேய்ந்தது. முடிவில், ஓரிரு இரவுகள் கண் மூடாமலே இருந்தவர்களின் நிலைக்கு அது வந்துவிட்டது. அவர்களைக் கேட்டபோதோ, சிறிது தூக்கக் கலக்கம்தான், மற்றபடி பாதகமில்லை என்கிற விதமாகவே மதிப்பிட்டார்கள். கவனித்தீர்களா? பழுதுபட்டிருப்பதும் மூளை, பழுதில்லை என்று தீர்ப்புச் சொல்வதும் அதே மூளை! "எனக்குப் பழகிவிட்டது" என்கிறவரின் பேச்சை எப்படிச் சாட்சியமாக ஏற்பது?

1997-ல் ஆஸ்திரேலியாவில் இன்னொன்றையும் அளந்து பார்த்தார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுபோதை உள்ளவனின் நிலைக்கு இறங்கிவிடுகிறதாம். நம் இந்திய நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுகிறவனுக்கு 0.03 சதவீதம் வரைதான் பொறுக்கிறது. மது ஏன் ஹராம் என்று மதரஸாப் பிள்ளையைக் கேட்டாலும், அது அறிவை மறைக்கிறது என்று சொல்லும். அந்தப் பானத்தை வாழ்நாளில் தொட்டிராத ஒருவர், அதே மறைப்பைத் தூக்கத்தை விற்று வாங்கிக்கொள்கிறார். இது ஹராம் என்று ஃபத்வா கொடுக்க நாம் வரவில்லை. அறிவு அமானிதம் என்று நம்புகிறவர்கள், அது மங்கும் வழிகளில் ஒன்றை மட்டும் அஞ்சி மற்றொன்றைப் பெருமையாகப் பேசுவது பொருந்துமா என்றே கேட்கிறோம்.

தொழுகையில் கண் சொருகினால் போய் உறங்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் கவனிக்கத்தக்கது: பாவமன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, அவன் தன்னைத் தானே ஏசிவிடக்கூடும். தான் என்ன சொல்கிறோம் என்பதே தெரியாத நிலையில் இபாதத்தைக் கூட நிறுத்திவைக்கச் சொல்லியிருக்க, அதே நிலையில் வியாபாரம் பேசலாமா, மனைவி மக்களிடம் கோபத்தில் தலாக் வரை வார்த்தையை விடலாமா?

"அப்படியானால் தஹஜ்ஜத்து?" என்று கேட்கலாம். இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபிகளார் வெறுத்தார்கள் என்பது புகாரியில் உள்ளது. முன்னிரவில் உறங்கியவர்க்கே பின்னிரவு வாய்க்கும். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி), தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களை முன்னிரவில் எழவிடாமல் படுக்கவைத்து, இரவின் கடைசியில் எழுப்பித் தம்மோடு தொழவைத்தார்கள். நம்மவர் விழிப்பு இந்த வகையைச் சேர்ந்ததா? ஒரு மணி வரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, ஸுப்ஹு பாங்கின்போது போர்வையை இழுத்துக்கொள்கிற விழிப்பை யாருடைய கணக்கில் எழுதுவது?

கைக்குழந்தையோடு போராடும் தாய்க்கும், இரவு வேலைக்காரருக்கும், நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பவருக்கும் இதில் ஒரு வார்த்தையும் இல்லை. அவர்கள் தூக்கத்தை வீணடித்தவர்கள் அல்லர்; பிறருக்காகக் கொடுத்தவர்கள். வாங்கிக்கொண்டவர்களோடுதான் நமக்குப் பேச்சு. ரமளானில் தராவீஹ் முடிந்து வரும் ஆண்களுக்குப் பரிமாறிவிட்டுப் பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவுகிறவளும், ஸஹருக்கு மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறவளும் ஒருத்திதான். ஸுப்ஹு தொழுத கையோடு ஆண்கள் திரும்பப் படுத்துக்கொள்ள, அவள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுப்பப் போகிறாள். முப்பது நாள் நடக்கும் இந்தக் காரியம், அந்தப் பதினான்கு நாள் ஆராய்ச்சியைவிட நீளமானது. இருபதாம் நோன்பில் அவள் சிடுசிடுத்தால், "நோன்பு வைத்துக்கொண்டு கோபமா?" என்று உபதேசம் செய்யவும் ஆள் இருக்கிறது. அவளுடைய உறக்கத்தின் உரிமையைப் பறித்தது யார் என்று கேட்கத்தான் ஆளில்லை. ஸஹருக்கான சோற்றை முன்னிரவிலேயே ஆக்கிவைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாப்பாவோ மூத்த மகனோ எழுந்து சூடாக்கினால் நோன்பில் எந்தக் குறையும் வந்துவிடாது.

அவ்வாறே, வெளியூர்க் கல்யாணத்திற்கு வேன் பேசும்போது வாடகையைப் பற்றிக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறோம். ஓட்டுநர் தம்பி நேற்று இரவு தூங்கினாரா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இரவோடு இரவாகத் திரும்பிவிட்டால் ஒரு நாள் வாடகை மிச்சம்; அந்த மிச்சம் அவருடைய கண்ணிமைகளிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பின்னிருக்கையில் நம் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.