மல்லாந்து மேயும் மீன்

மீனைப் பற்றிச் சமய நூல்களும் நீதி நூல்களும் பேசியிருப்பவை அநேகம். ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் மீன் ஒரு மூடனாகவே வந்து போகிறது. சூதாட்டத்தில் எப்போதோ கைகூடும் வெற்றியை, மீன் விழுங்கிவிட்ட தூண்டில் முள்ளுக்கு வள்ளுவர் ஒப்பிட்டார். லாபமும் கீர்த்தியும் மாரன் எறிகிற தூண்டிலில் கோத்த இரை என்று, பாலி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயம் பிக்ஷுக்களை எச்சரிக்கிறது. இவ்வுபமானங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உபமானம் சொல்லுகிறவர் மனிதன்மீதே கண்ணாக இருந்து, மீனைப் பாராமலே மீனைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறார். பசியால் நீரின் மேற்பரப்புக்கு வருகிற ஒரு ஜீவனை, அந்தப் பசியையே கருவியாகக் கொண்டு பிடிக்கிறவன், அதே ஜீவனைப் பூஜ்யமானதாகக் கருதவும் கூடுமா, கூடுமானால் அது கபடமா அல்லது பக்தியின் ஒரு வகையா என்று விசாரிக்க விரும்புகிறவருக்கு உபமானங்கள் உதவமாட்டா. மீனை உள்ளபடி பார்த்த ஒரு ஜனசமூகத்திடம்தான் அவர் போக வேண்டும். நைல் நதிக்கரையில் வாழ்ந்த பண்டை எகிப்தியர் அவ்வாறு பார்த்தவர்கள்.

அந்த நதியில் ஒரு ஜாதிக் கெளுத்தி உண்டு. ஸினோடான்டிஸ் பாட்டன்ஸோடா என்பது விஞ்ஞானிகள் அதற்கு இட்டிருக்கும் பெயர். நைலில் மட்டுமன்றி, சாட் ஏரியிலும், நைஜர், செனகல் முதலிய ஆறுகளிலும் அது வாழ்கிறது. நம் ஏரி குளங்களின் கெளுத்தியைப் போலவே செதிலற்ற மேனியும், மீசையும், முதுகில் ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாக விறைத்து நிற்கும் முட்களும் அதற்கு உண்டு. கெளுத்தி முள் ஒருமுறை கையில் தைத்தவர்களுக்கு அதைப் பற்றி நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஆற்றடியில் மேயும் தன் இனத்தார்க்கு இருப்பது போலவே அதற்கும் வாய் தலையின் அடிப்புறத்தில் அமைந்திருக்க, அது நாடும் ஆகாரமோ நீர்ப்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களும் விழுந்து தத்தளிக்கும் பூச்சிகளுமாக இருப்பதால், வாயை மேலே கொண்டுபோக வேறு மார்க்கமின்றி, அந்த மீன் உடம்பையே புரட்டிக்கொண்டு, வயிறு வானத்தை நோக்க மல்லாந்தபடி நீந்தி மேய்கிறது. காங்கோ நதியில் இதற்கு ஒரு சிறு தாயாதி இருக்கிறது. அதன் உடம்பின் நிறங்கூட இந்த வழக்கத்திற்கு இணங்கி மாறியிருக்கிறது: மற்ற மீன்களுக்கு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்க, அதற்கு வயிறே கறுப்பு. காற்றைத் தொட்டு நிற்கும் மேற்படலத்தில் பிராணவாயு மிகுதி. ஆகவே அடிநீர் கெட்டுப்போன காலத்தில் மல்லாந்து நீந்துவது அதற்குச் சுவாசிப்பதற்கும் சகாயமாகிறது என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. தலைகீழாதல் என்றால் கேடு என்று எண்ணிப் பழகிய நமக்கு, ஒரு பிராணி தலைகீழாவதனாலேயே வயிறும் வளர்த்து மூச்சும் விடுகிறது என்பது சற்று ஆச்சரியமாகவே இருக்கும்.

இத்தகைய மீனைப் பிடிக்கிறவன், அடியில் மேயும் மீனைப் பிடிக்கிறவனைப் போல் இரையை ஆழத்தில் இறக்கிவிட்டுக் கரையில் கண்ணயர முடியாது. இரை மேலேயே நிற்க வேண்டும். அவன் நிழல் நீரில் விழலாகாது. நீர்த்தோல் எங்கே நெளிகிறது, எந்த நெளிவு காற்றினால், எது மீசையினால் என்று பிரித்தறியும் கண் வேண்டும். கெய்ரோவுக்குத் தெற்கே ஸக்காராவில், ஐந்தாம் ஆறாம் அரச வம்சத்துப் பெருமக்களின் கல்லறைச் சுவர்களில், அதாவது இற்றைக்கு 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட சிற்பங்களில், இந்தத் தொழில் முழுமையும் செதுக்கப்பட்டிருக்கிறது: வலை இழுப்போர், கூடைப்பொறி தூக்குவோர், நாணற் படகில் அமர்ந்து கோலின்றி வெறுங்கையில் தூண்டில் நூலைப் பிடித்திருப்போர். அக்காலத்துச் செப்புத் தூண்டிலுக்கு எதிர்முள் கிடையாது. நூல் கணப்பொழுது தளர்ந்தாலும் மீன் கழன்றுவிடும். மீனின் ஒவ்வோர் அசைவையும் தன் விரல் நுனியில் வாங்கிக்கொள்ளாதவன் வெறுங்கையோடுதான் வீடு திரும்பியிருப்பான்.

அந்தப் படகுகளின் கீழே, செதுக்கப்பட்ட நீரில், நதியின் மீன்களெல்லாம் ஜாதி ஜாதியாக வரிசையில் நீந்துகின்றன. அவற்றினிடையே ஒரு மீன் மட்டும் வயிறு மேலாகக் கிடக்கிறது. விஷயம் அறியாதவர் அதைச் செத்த மீன் என்றோ சிற்பியின் கைப்பிழை என்றோ எண்ணிவிடக்கூடும். அது நம் கெளுத்திதான். அரசனை எப்போதும் அரசனாகவும் பகைவனை எப்போதும் வீழ்ந்தவனாகவும் மாறாத விதிகளுக்குள் நின்று வடித்த அந்தக் கலை, ஓர் அற்ப மீனின் விஷயத்தில் விதியைத் தளர்த்தி, அது எவ்வாறு வாழ்ந்ததோ அவ்வாறே அதைத் தலைகீழாக வடித்திருக்கிறது. சிற்பிக்கு இந்தப் பிரத்யட்ச ஞானம் ஆலயத்திலிருந்து வந்திராது. தூண்டில்காரனிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

கொல்லுகிறவன் கண்ட அதே மீன், பிற்பட்ட மத்திய ராஜ்ய காலத்தில் ரக்ஷையாகிறது. மீன் வடிவில் பொன்னாலும் மணிக்கற்களாலும் செய்த சிறு பதக்கங்களைக் குழந்தைகளின் சடை நுனியில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஹராகா என்ற ஊரின் இடுகாட்டில், முதல் உலகப் போருக்குச் சற்று முன் தோண்டியெடுத்த இத்தகைய பொன் மீன்களுள் மிக நேர்த்தியான ஒன்று இப்போது எடின்பரோ நகரத்துக் காட்சிசாலையில் இருக்கிறது. அவற்றுள் பல இந்தக் கெளுத்தியினத்தையே குறிப்பவை என்றும், நீரில் மூழ்கிப்போகாமல் பிள்ளைகளைக் காப்பதற்காக அணிவிக்கப்பட்டவை என்றும் அறிஞர் கருதுகின்றனர்.

பெர்லினில் உள்ள வெஸ்ட்கார் பாப்பிரஸ் சுருளில் இதைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. ஸ்நெஃபெரு மன்னன் மனச்சலிப்புற்று, ஜாஜாமாங்க் என்ற மாந்திரிகனின் யோசனைப்படி, 20 இளம்பெண்களைப் படகில் ஏற்றி ஏரியில் துடுப்புப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவர்களுள் முன்னின்று வலித்த ஒருத்தியின் கூந்தலிலிருந்த பேரோஜாக் கல் மீன் நழுவி நீரில் விழவே, அவள் வலிப்பதை நிறுத்துகிறாள். அவள் பக்கத்தார் அனைவரும் நிறுத்துகிறார்கள். வேறொன்று தருகிறேன் என்கிறான் மன்னன். உலகாளும் அரசன் தருகிற புது நகையை அவள் வேண்டாமென்று மறுத்து, தன்னுடையதே தனக்கு வேண்டுமென்று நிற்கிறாள். மாந்திரிகன் வந்து, ஏரிநீரின் ஒரு பாதியை மறுபாதியின்மேல் மடித்து வைக்க, நடுவில் 12 முழமாக இருந்த நீர் 24 முழமாகி நிற்க, வறண்ட தரையில் ஓர் ஓட்டாஞ்சில்லின்மேல் கிடந்த மீனை எடுத்து அவளிடம் கொடுக்கிறான். கதையில் மந்திரத்தைவிட அந்தப் பெண்ணின் பிடிவாதமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நகையாக இருந்தால் மாற்று நகை போதும். தன் உயிரைக் காக்கும் துணை என்று நினைத்ததற்கு மாற்று ஏது?

இனி நம் கேள்விக்கு வரலாம். தகப்பன் தூண்டிலிட்டுத் தடியால் அடித்து வீழ்த்துகிற ஜீவனையே மகள் சடையில் ரக்ஷையாகத் தரிக்கிறாள். இதை அறியாமை என்றும் முரண் என்றும் தள்ளிவிடுவது சுலபம். பண்டைய மதங்களைப் பற்றி எழுதிய மேனாட்டார் சிலர் அவ்வாறே தள்ளியும் விட்டனர். எனக்கு அது அத்தனை சுலபமாகத் தோன்றவில்லை. ஒரு ஜீவனைக் கொல்லும் பொருட்டாயினும், அதன் ஸ்வபாவத்தை இடைவிடாமல் பல தலைமுறைகள் கவனித்த மனம், அது தனக்கு இல்லாத ஒரு சாமர்த்தியத்தை உடையது என்று ஒரு கட்டத்தில் உணராமல் இருக்க முடியாது. மனிதன் மல்லாந்து மிதந்தால் அநேகமாக அது பிணம். இந்த மீனோ மல்லாந்து வாழ்கிறது. நீரும் காற்றும் சந்திக்கிற அந்த மெல்லிய எல்லையில், பிற உயிர்கள் மரிக்கும் கோலத்திலேயே உயிரோடு உலாவுகிற ஒன்றிடம், என் குழந்தையை அந்த எல்லையில் காப்பாற்று என்று கேட்டது பேதைமையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பேதைமைக்கு அடியில் மெய்யான அறிவு இருக்கிறது.

இதற்கு மாறாக, மீனைத் தொடாமலே சுத்தராக இருந்தவர்களும் அந்நாட்டில் உண்டு. எகிப்தியப் புரோகிதர்கள் மீன் உண்ணலாகாது என்ற விதியை ஹெரோடோட்டஸ் குறித்திருக்கிறார். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து படையெடுத்து வந்து எகிப்தை வென்ற பியே மன்னன், தன்னைப் பணிய வந்த சிற்றரசர்களுள் மூவரை, அவர்கள் விருத்தசேதனம் செய்யாதவர்கள், மீன் தின்பவர்கள் என்ற காரணத்தால் அரண்மனைக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி, மீன் தின்னாத ஒருவனை மட்டும் உள்ளே அனுமதித்ததைத் தன் வெற்றிக் கல்வெட்டிலேயே பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறான். அதே தேசத்தில், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த டெய்ர் எல் மெதினா தொழிலாளருக்கு மீன் படியாகவே அளக்கப்பட்டது. தெய்வ மன்னன் துயிலும் அறையை மீன் தின்ற கைகள் குடையலாம்; மீன் தின்ற கால்கள்தாம் அரண்மனை வாசற்படியைத் தாண்டக் கூடாது! ஆசாரங்கள் பலவற்றில் காணும் இந்த விசித்திரம் நமக்கும் புதிதல்லவே.

ஆயினும் தூண்டில்காரனுக்கு வக்காலத்து வாங்குவதில் நான் அளவு மீறிவிடக் கூடாது. ஏனெனில் இந்தக் கெளுத்தி ஊமையன்று. பிடித்து நீரைவிட்டு வெளியே எடுத்தால், பக்க முட்களின் அடிப்பகுதியை எலும்புக் குழியில் உராய்த்து அது கீச்சென்று ஒலிக்கிறது. மீன் கத்துவதில்லை, ஆகவே அதற்கு வேதனையில்லை என்று ஆட்டைக் கொல்லத் தயங்கும் பலர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இந்த மீனிடம் செல்லாது. நைல் தூண்டில்காரன் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டேதான் தடியை ஓங்கினான். அவன் மகள் அணிந்த பொன் மீனால் ஆற்று மீனுக்கு ஆயுள் ஒரு நாழிகைகூட நீளவில்லை. அறிவிலிருந்து மதிப்பு பிறக்கலாம். மதிப்பிலிருந்து கருணை பிறந்தே தீரும் என்பதற்கு அந்தக் கல்லறைச் சுவர்களில் சான்று இல்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பிறந்த அதிபத்த நாயனார் நினைவுக்கு வராமலிரார். வலைப்படும் மீன்களுள் ஒன்றைத் தினந்தோறும் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவந்த அந்தப் பரதவர், நாட்கணக்கில் ஒற்றை மீனே அகப்பட்ட வறுமைக் காலத்திலும் அந்த ஒன்றையும் விட்டார். இறுதியில் மணிகள் இழைத்த பொன் மீன் ஒன்று வலையில் வந்தபோது அதையும் விட்டார். சேக்கிழார் அவருடைய தொழிலை மறைக்கவுமில்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கவுமில்லை. எகிப்தியன் பொன் மீனைச் சடையில் கட்டி வைத்துக்கொண்டான். அதிபத்தர் பொன் மீனையும் உயிர் மீனையும் ஒன்றாகவே கருதிக் கடலுக்குத் திருப்பினார். கொல்லும் தொழிலுக்குள்ளேயே விடுதலைக்கு அன்றாடம் ஓர் இடம் ஒதுக்கியதில் அவர் எகிப்தியனைக் கடந்து நிற்கிறார் என்றே கொள்கிறேன். மற்ற மீன்கள் சந்தைக்குத்தான் போயின என்பதையும் மறப்பதற்கில்லை.

புளூட்டார்க் ஒரு வழக்கத்தைக் குறித்திருக்கிறார். ஆண்டின் முதல் மாதத்து ஒன்பதாம் நாளில் எகிப்தியர் அனைவரும் தத்தம் வீட்டு வாசலில் அமர்ந்து சுட்ட மீன் தின்பார்களாம். புரோகிதர்கள் மட்டும் தின்னாமல், தங்கள் வாசலில் அதை எரித்துவிடுவார்களாம். தின்றவனுடைய மீனும் எரித்தவருடைய மீனும் ஒரே ஆற்றிலிருந்து வந்தவை, ஒரே மாதிரி செத்தவை. புரோகிதர் காத்த விரதத்தால் அந்த மீனுக்கு யாதொரு நன்மையும் விளையவில்லை. தின்றவனாவது, முள்ளை எடுப்பதற்காக அதை ஒருமுறை உற்றுப் பார்த்திருப்பான்.