உழைப்பின் உரிமையும் வாரிசு உரிமையும்: மாசசூசெட்ஸின் முதல் நிலங்கள்

ஒரு நிலம் முதன்முதலில் ஒருவருக்கு எப்படிச் சொந்தமாகிறது என்பது ஒரு கேள்வி. அந்தச் சொந்தம் பிள்ளைகளுக்கு எந்த நியாயத்தில் போகிறது என்பது வேறொரு கேள்வி. பழைய ஊர்களில் நிலம் பரம்பரையாகக் கைமாறி வருவதால் முதல் கேள்வியை யாரும் கிளறுவதில்லை. புதிதாகக் காடு திருத்திய ஊரில் இரண்டுக்கும் ஒரே தலைமுறை பதில் சொல்லியாக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் இரண்டுக்கும் வேதாகமத்தில் ஆதாரம் தேடினார்கள். கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று இசையவில்லை.

1630-இல் குடியேறிகளை அழைத்துவந்த ஆளுநர் ஜான் வின்த்ராப், நில உரிமையை இயற்கை உரிமை, குடிமை உரிமை என்று இரண்டாகப் பிரித்தார். பூமியை நிரப்பிக் கீழ்ப்படுத்தும்படி ஆதியாகமத்தில் மனிதருக்கு இட்ட கட்டளையே அவர் வாதத்தின் அடிப்படை. வேலியடைத்து, மாடு வளர்த்து, நிலையாகக் குடியிருப்போருக்கே குடிமை உரிமை உண்டு. பூர்வகுடிகளின் தேவைக்குப் போதுமானதை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் கடலோரப் பூர்வகுடிக் கிராமங்கள் பல ஆளற்றுப் போயிருந்தன. பியூரிட்டன்கள் அதைத் தெய்வச் செயலாகவே கண்டனர். பூர்வகுடிப் பெண்கள் மண்வெட்டியால் கொத்தி மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டதும், சத்து இழந்த நிலத்தை ஆறப்போட்டு வேறிடம் மாறியதும் இந்த வாதத்தில் விவசாயமாகவே எண்ணப்படவில்லை.

போதகர் ரோஜர் வில்லியம்ஸ் இதை மறுத்தார். தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை அரசர் பட்டயம் எழுதிக் கொடுக்க முடியாது, பூர்வகுடிகளிடமிருந்தே அதைப் பெற வேண்டும் என்பது அவர் நிலை. 1635-இல் அவரை நாடுகடத்த உத்தரவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். மறு ஆண்டு அவர் நாரகான்செட் பூர்வகுடித் தலைவர்களிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸ் ஊரை அமைத்தார்.

நடைமுறையில் குடியேறிகளும் பல இடங்களில் விலை கொடுத்தே வாங்கினர். 1646-இல் ஆண்டோவர் ஊரின் நிலம் 6 பவுண்டுக்கும் ஒரு மேலங்கிக்கும் கைமாறியது. ரோஜர் என்று அழைக்கப்பட்ட ஒரு பூர்வகுடி தம் உணவுக்கு ஆற்றில் மீன் பிடிக்கலாம், தாம் பயிரிட்டுவந்த 4 ஏக்கரை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஏற்பாட்டில் இடம் இருந்தது. குடியேறிகளின் சோளத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் திருடினாலோ சேதப்படுத்தினாலோ மீன் பிடிக்கும் உரிமை அற்றுப்போகும். ஆளில்லா நிலம் என்ற கோட்பாட்டை இந்தக் கிரயமே பொய்யாக்கியது.

வாங்கிய நிலத்தை ஊர் பங்கிட்டது. ஆண்டோவரில் வீட்டுமனைகள் 4 ஏக்கர் முதல் 20 ஏக்கர் வரை இருந்தன. பிந்தைய பங்கீடுகள் மனையின் அளவை ஒட்டியே நடந்தன. 20 ஏக்கர் மனைக்காரருக்கு 1662-க்குள் மொத்தம் 600 ஏக்கருக்கும் மேல் சேர்ந்தது.

வாரிசு முறையிலும் வேதாகமமே வழிகாட்டி. இங்கிலாந்துச் சட்டப்படி உயில் இல்லாவிட்டால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. மாசசூசெட்ஸின் 1641-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்போ உபாகமம் 21-ஐ ஒட்டி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு மட்டும் தந்தது. மகன்கள் இல்லையென்றால் மகள்கள் சேர்ந்து வாரிசாவார்கள். எண்ணாகமத்தில் செலோப்பியாத்தின் மகள்களுக்குக் கிடைத்த தீர்ப்பும் இதுவே.

முரண்பாடு குடும்பத்துக்குள் வெளிப்பட்டது. ஆண்டோவரின் இரண்டாம் தலைமுறை மகன்கள் பலர் திருமணமாகி, தந்தை கொடுத்த நிலத்தில் தனி வீடு கட்டி, மரம் வெட்டி, உழுது பயிரிட்டனர். பத்திரம் மட்டும் தந்தை கையில் இருந்தது. பெரும்பாலோருக்கு அவர் இறந்த பிறகே அது கிடைத்தது. உயிரோடிருக்கையில் எழுதிக்கொடுத்தவர்களில் சிலர், முதுமையில் தங்களைப் பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தனர். வேலியும் உழைப்பும் உரிமை தரும் என்ற வாதம் பூர்வகுடிகளுக்கு எதிராகச் செல்லுபடியானது. மகன் தந்தைக்கு எதிராக அதைச் சொல்ல முடியவில்லை. அங்கே பேசியது பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளை.

உழைப்பே சொத்துக்கு அடிப்படை என்பதை 1689-இல் தத்துவமாக வகுத்த ஜான் லாக்கும் வாரிசுரிமைக்கு வேறு அடிப்படை தேட வேண்டியிருந்தது. தம்மால் பிறந்தவர்களைக் காப்பது பெற்றோரின் கடமை. ஆகவே அவர்களின் உடைமையில் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்குண்டு, மூத்தவனுக்கு மட்டுமல்ல என்றார். பிள்ளையின் உரிமை அவன் சிந்திய வியர்வையிலிருந்து அன்றி, அவன் பிறப்பிலிருந்து வருகிறது.

அண்டைக் குடியேற்றமான கனெக்டிகட்டில், பிள்ளைகள் எல்லோருக்கும் நிலத்தைப் பங்கிடும் முறை சோதனைக்கு உள்ளானது. ஆளுநர் வின்த்ராப்பின் கொள்ளுப்பேரன், தன் சகோதரிக்குப் பங்கில்லை, இங்கிலாந்து முறைப்படி நிலம் முழுவதும் தனக்கே என்று வழக்காடினார். 1728-இல் லண்டனில் அரசரின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, கனெக்டிகட் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் 1738-இல் மாசசூசெட்ஸின் சட்டத்தை அதே கவுன்சில் ஏற்றது; 1745-இல் கனெக்டிகட் முறையும் மீண்டும் நிலைபெற்றது. மூத்தவனுக்கே எல்லாம் என்ற விதியை இங்கிலாந்து 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கைவிட்டது.