பழம்பொருளும் பழுதில்லா வாணிகமும்

பொருளைச் சேர்க்கும் காலத்தில் அதன் சுமை தெரிவதில்லை. வீடு மாறும்போதுதான் தெரிகிறது. பணியின் பொருட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா எனப் பெருநகரங்களில் குடியேறி வாழும் நமக்கு இவ்வுண்மை நன்கு பழகியதே. மாற்றல் உத்தரவு வந்தவுடன் கட்டிலும் கிரைண்டரும் குளிர்சாதனப் பெட்டியும் விற்பனைக்கு வருகின்றன. இஃது எளிய செயலாகத் தோன்றினும், இதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. பொருளின் மறைவான குறையை நாம் அறிவோம், வாங்குவோர் அறியார். அவர் கேளாதபோதும் அதனைச் சொல்ல நாம் கடமைப்பட்டவர்களா?

இக்கேள்வி மிகப் பழையது. கி.மு. 44-ஆம் ஆண்டில் உரோமானிய அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதனை ஆராய்கிறார். குறையுள்ள வீட்டை விற்பவன் அக்குறையைச் சொல்ல வேண்டுமா? சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்று டயோஜெனிஸ் என்னும் தத்துவ ஞானி வாதிட்டார். வழி தவறியவனுக்கு வழிகாட்டாமல் இருப்பதைப் போன்றதே இம்மௌனம் என்று அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் மறுத்தார். சிசரோ மாணவரின் பக்கமே நின்றார்.

நம் நாட்டில் 1872-இல் இயற்றப்பட்ட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவும் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. நோயுள்ள குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான். குறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. இது மோசடியன்று என்கிறது சட்டம். ஆனால் வாங்குபவள் அப்போதுதான் உரிய வயதடைந்த அவன் மகளாயின், குறையைச் சொல்வது அவன் கடமை என்றும் அதே சட்டம் கூறுகிறது. உறவு மாறியதால் மௌனத்தின் பொருளும் மாறிவிட்டது. சட்டம் மகளளவில் நிறுத்திய பரிவை அயலார்க்கும் விரிப்பதே அறம் அன்றோ?

'விலை குறைவு, பார்த்து வாங்குவது அவர் பொறுப்பு' எனச் சிலர் கூறலாம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. கண்ணுக்குத் தெரியும் கீறலைச் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. ஆனால் குறைந்த விலை, பொருள் பழையது என்று மட்டுமே சொல்லும். உள்ளே எது கெட்டிருக்கிறது என்று சொல்லாது. மேலும், பழம்பொருளை வாங்க வருவோர் பெரும்பாலும் யார்? புதிதாக நகரத்திற்கு வந்து குடித்தனம் தொடங்கும் இளைஞர். சிறுகச் சேர்த்த பணத்தோடு வரும் தொழிலாளர். ஒருகாலத்தில் நாமும் அந்நிலையில் இருந்தவர்களே.

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்த வெளியில் கார்களை நிறுத்தி, பின்பெட்டியைத் திறந்து, வேண்டாத பொருள்களை மக்கள் விற்பதுண்டு. அங்கே வாங்கியவர் விற்றவரை மறுமுறை காண்பது அரிது. ஊரைவிட்டுப் புறப்படும் நம் நிலையும் அதுவே. இரயில் ஏறியபின் நம்மைத் தேடி யாரும் வர இயலாது. தேடி வர இயலாதவரிடத்தில்தான் நம் நேர்மை உண்மையில் சோதிக்கப்படுகிறது.

அப்படியாயின் விற்காமல் இலவசமாகக் கொடுத்துவிடலாமே என்னும் எண்ணம் எழலாம். கொடை நன்று, எனினும் எல்லோரும் அதனை விரும்புவதில்லை. மும்பையிலும் தில்லியிலும் பழந்துணி பெற்றுப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் தெருத்தெருவாக வருவதை நாம் அறிவோம். அவர்கள் பேரம் பேசுவர், இரப்பதில்லை. சிறு விலையும் வாங்குவோரின் மதிப்பைக் காக்கும். ஆனால் அவ்விலையில் நம் நினைவுகளைச் சேர்த்துவிடக் கூடாது. தாத்தா அமர்ந்த நாற்காலி நமக்கு விலைமதிப்பற்றது. வாங்குவோர்க்கு அது நாற்காலி மட்டுமே.

ஆகவே வெற்றியான விற்பனைக்கு வழி எளிது. பொருளைத் துடைத்துத் தூய்மை செய்க. வாங்குவோர் முன் இயக்கிக் காட்டுக. விலையை முதலிலேயே சொல்லுக. குறையையும் உடன் சொல்லுக. ஒரு குறையை ஒப்புக்கொண்டவனின் மற்றச் சொற்களும் நம்பப்படும். பேரமும் விரைவில் முடியும். கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. வாணிகம் நம் தொழில் அன்றாயினும், வீட்டு வாயிலில் ஒரு பழம்பொருளை விற்கும் அச்சிறு பொழுதில் நாமும் வணிகரே. அப்பொழுதிற்குரிய அறத்தைப் பேணுவோமாக.