வேமத் முதல் டார்ட்மத் வரை

இங்கிலாந்தின் தென்கரையில் வேமத் துறைமுகத்திலிருந்து மேற்கே டார்ட்மத் வரை ஏறக்குறைய 50 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் போகும் பாய்மரப் படகுக்கு 10 மணி நேரப் பயணம். புறப்படும் நேரத்தை முடிவு செய்வது, சில மைல் தொலைவிலேயே கடலுக்குள் நீளும் போர்ட்லண்ட் முனைதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே ஓத நீரோட்டம் படகின் வேகத்தையே மிஞ்சும். அடியிலுள்ள பாறைத்திட்டின் மேல் நீர் கொந்தளிக்கும். காற்று எதிர்த்து வீசினால் அலைகள் செங்குத்தாக எழும். கரையோரம் குறுகிய அமைதி நீர்ப்பாதை ஒன்று உண்டு. நேரம் கணித்து, பகலில், நல்ல வானிலையில் மட்டுமே அதில் நுழையலாம். மற்றபடி சில மைல் தெற்கே விலகிச் சுற்றுவதே அறிவுடைமை.

அடுத்து லைம் விரிகுடா, திறந்த கடல். தென்மேற்குக் காற்று வலுத்தால், 29 கிலோமீட்டர் நீளும் செசில் கூழாங்கல் கரையை நோக்கிப் படகு தள்ளப்படும். அங்கே ஒதுங்க இடமில்லை. பாய்மரக் கப்பல்கள் பல அங்கு மோதி உடைந்திருக்கின்றன. ஆகவே காற்றழுத்தமானியில் கண் இருக்க வேண்டும். அழுத்தம் குறைந்து காற்று தெற்குக்குத் திரும்பினால், பெரும்பாலும் தாழ்வழுத்தம் நெருங்குகிறது. மழையும் மங்கலும் வரும். பிறகு காற்று சட்டென்று மேற்கு, வடமேற்காக மாறிச் சுழித்தடிக்கும். பாயைச் சுருக்கலாமா என்று முதலில் தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும்.

டார்ட்மத் அமைந்துள்ள டார்ட் ஆற்றின் முகத்துவாரம் உயர்ந்த குன்றுகளுக்கிடையே ஒடுங்கியது. நெருங்கும்வரை கண்ணில் படாது. குன்றுகள் காற்றைத் திசை திருப்புவதால் பலர் பாயை இறக்கி எஞ்சினை இயக்கி நுழைகிறார்கள்.